மேஜை மேல ஒரு பெட்டி

மாடல் ரயில்னு சொன்ன உடனே உங்க மனசுல என்ன வருது? வட்டமா ஒரு பிளாஸ்டிக் தண்டவாளம், பேட்டரி போட்ட குட்டி எஞ்சின், பொருட்காட்சியில அடம்பிடிச்சு வாங்கி ரெண்டே நாள்ல சக்கரம் கழண்டு போன சமாச்சாரம். கரெக்டா? அதை ஓரமா வெச்சிடுங்க பாஸ். இந்த வாரம் நாம பார்க்கப் போறது வேற கோஷ்டி. ராத்திரி சாப்பிட்ட பிறகு டேபிள் லைட்டைப் போட்டு, பூதக்கண்ணாடியும் ட்வீசருமா உட்கார்ந்து, ஒரு ஜன்னல் கம்பிக்காக மூணு ராத்திரி செலவு பண்றவங்க. அவங்க மேஜையில முழு ரயில் இருக்காது. பெரும்பாலும் பாதிப் பெட்டிதான் இருக்கும்.

எந்தப் பெட்டி? நம்ம ஊர்ல இப்ப ரொம்பப் பேர் கையில எடுத்திருக்கிறது, நீங்களும் நானும் ஊருக்குப் போக ஏறின அதே பெட்டி. பெரம்பூர் ஐ.சி.எஃப்.ல செஞ்ச, நீல கலர் ஸ்லீப்பர் கோச்!

முதல்ல கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, அரியர் விழாது. உலகத்துல ரொம்பப் பேர் கட்டுற அளவு எச்.ஓ. நிஜத்துல 87 மீட்டர்னா மாடல்ல ஒரு மீட்டர். ஐ.சி.எஃப். பெட்டியோட உடம்பு நீளம் 21.3 மீட்டர். 87-ஆல வகுத்தா 24.5 செ.மீ. அகலம் 3,245 மி.மீ., அது 37 மி.மீ. ஆயிடும். பொட்டிக்கடை ஜெராக்ஸுக்கு வாங்குற ஏ4 பேப்பர்ல ஒரு பக்கச் சுவர் தாராளமா உட்காரும்! செலவில்லாம ஆரம்பிக்கிறவங்க இதைத்தான் பண்றாங்க. கம்ப்யூட்டர்ல பக்கவாட்டுப் படத்தை வரைஞ்சு, போட்டோ பேப்பர்ல பிரின்ட் எடுத்து, கெட்டி அட்டையிலோ சன்போர்டிலோ ஒட்டி, ஜன்னல்களை பிளேடால வெட்டி எடுக்கிறது. அப்புறம் பிளாஸ்டிக் ஷீட், அப்புறம் 3டி பிரின்டர்னு ஆசை வளரும். ஒரு விஷயம், 18 பெட்டி போட்ட ஒரு முழு எக்ஸ்பிரஸ் கட்டணும்னு கிளம்பினா பெட்டிகளே நாலரை மீட்டர் நீளம். உங்க ஹாஸ்டல் ரூம் தாங்குமா? அதனாலதான் சொல்றேன், ஒரு பெட்டி போதும்.

அந்த ஒரு பெட்டியில மனுஷனை அழ வைக்கிற இடம் ஜன்னல் கம்பி. ஒரு செ.மீ. தடிமன் கம்பின்னே வெச்சுக்குங்க. 87-ல ஒரு பங்குன்னா 0.11 மி.மீ. கிட்டத்தட்ட தலைமுடி! இதுக்கு ஆளாளுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. சிலர் ட்ரான்ஸ்பரன்ட் ஷீட்ல கோடு போட்டு ஒட்டிடுவாங்க. சிலர் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தி மேல காட்டி, இளகினதும் ரெண்டு கையாலயும் மெதுவா இழுத்து நூல் மாதிரி ஆக்குவாங்க. எனக்குப் பிடிச்சது மூணாவது வழி. பழைய வயரைச் சீவினா உள்ளே மெல்லிசா செம்புக் கம்பி கொத்தா வருமே, அதுல ஒவ்வொண்ணா உருவி, ரெண்டு ஸ்கேலுக்கு நடுவுல இழுத்து நேராக்கி ஒட்டுறது. காசும் மிச்சம், தொட்டுப் பார்த்தா இரும்புக் கம்பி ஃபீலிங்கும் இருக்கும்.

பெயின்ட் அடிச்சு முடிச்சா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. பளபளன்னு இருந்தா அது பொம்மை. இனிமேல்தான் அழுக்காக்கணும். கறுப்புப் பெயின்ட்டைத் தண்ணியா கரைச்சு மேல ஓட விட்டுத் துடைச்சா இடுக்குகள்ல மட்டும் கறை நிக்கும். சாக்பீஸ் தூள்ல செங்காவி கலந்து சக்கரத்துக்குக் கிட்ட தடவினா பிரேக் கட்டை தேய்ஞ்சு கிளம்புற இரும்புத் தூசி ரெடி. பாதிச் சாயம் போன நீலம், கதவு பக்கத்துல கை பட்டுப் பட்டுக் கறுத்த இடம்... இதெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்றாங்க. வீட்டுல அம்மா கேட்பாங்க, "புதுசா செஞ்சதை ஏன்டா பாழாக்குற?"ன்னு. பதில் சொல்லிப் புரிய வைக்க முடியாது. விட்ருங்க.

அடுத்து சக்கரம். இங்கே ஒரு ஜாக்பாட் இருக்கு, ஒரு ஆப்பும் இருக்கு. ஐ.சி.எஃப். பெட்டியோட புதுச் சக்கரம் 915 மி.மீ. விட்டம். எச்.ஓ.வுல 10.5 மி.மீ. அமெரிக்க ரயில்கள்ல 36 அங்குலச் சக்கரம் உண்டு. கணக்குப் போட்டா அதுவும் 914 மி.மீ.! ஆக, அமெரிக்க மாடல்காரங்களுக்காக விக்கிற சக்கரம் நம்ம பெட்டிக்கு அச்சு அசலாப் பொருந்துது. ஆப்பு என்னன்னா தண்டவாளம். கடையில கிடைக்கிற எச்.ஓ. தண்டவாளத்தோட இடைவெளி 16.5 மி.மீ. அது 1,435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்கான அளவு. நம்ம பிராட் கேஜோ 1,676 மி.மீ. நியாயமா 19 மி.மீ.க்கு மேல வரணும். அதனால அகலமான நம்ம பெட்டி ஒடுக்கமான தண்டவாளத்துல நிக்கிறப்போ, தடியன் ஒருத்தன் காலை ஒட்டி வெச்சு நிக்கிற மாதிரி இருக்கும். "யார் ஸ்கேல் வெச்சுப் பார்க்கப் போறா"ன்னு பெரும்பாலானவங்க ஓட்டிடுறாங்க. ஒரு சிலர் தண்டவாளத்தையும் கையாலயே போடுறாங்க, கட்டை கட்டையா, ஆணி ஆணியா. அவங்களுக்கு என் கும்பிடு. ஆனா முதல் பெட்டி கட்டுறவங்க அந்தப் பக்கம் போகாதீங்க, பெட்டியே முடியாது.

ஈ.சி.ஈ. மக்களே, தூங்கிடாதீங்க. உங்க ஏரியா வருது. பழைய முறையில தண்டவாளத்துல டி.சி. கரன்ட் கொடுப்பாங்க. வோல்ட்டை ஏத்தினா வேகம், ப்ளஸ் மைனஸை மாத்தினா ரிவர்ஸ். சிக்கல் என்னன்னா ஒரே தண்டவாளத்துல ரெண்டு எஞ்சின் நின்னா ரெண்டும் சேர்ந்து ஓடும். இதுக்கு வந்த மருந்துதான் டி.சி.சி. ஜெர்மனியோட லென்ஸ் கம்பெனி முறையை அடிப்படையா வெச்சு, 1990-கள்ல அமெரிக்க மாடல் ரயில் சங்கம் ஸ்டாண்டர்ட் ஆக்கினது. தண்டவாளத்துல எப்பவும் முழு வோல்டேஜ் இருக்கும், ஆனா சதுர அலையா மாறிக்கிட்டே இருக்கும். அலையோட ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ செகண்ட்னா அது 1. 100 மைக்ரோ செகண்டோ அதுக்கு மேலயோ நீண்டா 0. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளயும் ஒரு சிப், அதுக்கு ஒரு அட்ரஸ். தன் நம்பர் வந்தா மட்டும் கீழ்ப்படியும். கரன்ட்டும் தகவலும் ஒரே ரெண்டு கம்பியில! சவுண்டு சிப்போட ஒரு வெளிநாட்டு எஞ்சின் வாங்கணும்னா நல்ல ஸ்மார்ட்போன் விலை ஆகும். ஆனா ஒரு ஆர்டுயினோ, ஒரு மோட்டார் ஷீல்டு, இலவசமா கிடைக்கிற டி.சி.சி.-ஈ.எக்ஸ். மென்பொருள் இருந்தா கன்ட்ரோல் ஸ்டேஷனை நீங்களே கட்டிடலாம். மினி புராஜெக்டை ரெடிமேடா காசு கொடுத்து வாங்குற புண்ணியவான்கள் கவனிக்க! பழைய எஞ்சின்ல சிப் வைக்கிறப்போ மட்டும் மோட்டார் பிரஷ் ரெண்டும் பாடியைத் தொடாம இருக்கான்னு மீட்டர் வெச்சுப் பாருங்க. தொட்டா ஒரு சின்னப் புகை, அவ்வளவுதான், சிப் காலி.

இந்த வயர் பைத்தியத்துக்கு ஒரு பெரிய பரம்பரையே இருக்கு. எம்.ஐ.டி.ல 1946-ல ஒரு மாடல் ரயில் கிளப் ஆரம்பிச்சாங்க. குரோம்பேட்டை இல்லீங்க, அமெரிக்க மாசசூசெட்ஸ். கிளப்புல ரெண்டு கட்சி. ஒரு கட்சி மேஜை மேல ரயிலும் ஊரும் கட்டும். இன்னொண்ணு மேஜைக்கு அடியில படுத்துக்கிட்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை வெச்சு சிக்னல் சர்க்யூட் போடும். இன்னிக்கு நாம சொல்ற 'ஹேக்' அந்த அடியில படுத்த கூட்டத்தோட பாஷை. பீட்டர் சாம்சன்ங்கிற மெம்பர் 1959-ல தொகுத்த கிளப் அகராதியிலயே அந்த வார்த்தை இருக்கு. 1962-ல வந்த 'ஸ்பேஸ்வார்' கம்ப்யூட்டர் கேமை உருவாக்கினதுலயும் இந்தக் கிளப் ஆட்களுக்குப் பெரிய பங்கு. அவங்க இருந்த 20-ஆம் நம்பர் கட்டடத்தை 1998-ல இடிச்சாங்க. பழைய லேஅவுட்டோட பெரும்பகுதியைக் காப்பாத்த முடியலை. வேற இடத்துல புதுசா ஆரம்பிச்சாங்க.

இப்ப நம்ம நீலப் பெட்டிக்கு வருவோம். இதை ஏன் இவ்வளவு அவசரமா கட்டுறாங்க? 1955-ல, சுவிட்சர்லாந்து ஷ்லீரன் கம்பெனி டிசைனை வெச்சு பெரம்பூர் தொழிற்சாலை தொடங்கினது. 2018 ஜனவரியில அந்த டிசைன்ல கடைசிப் பெட்டியை வெளியே அனுப்பிட்டாங்க. இனிமே எல்லாம் ஜெர்மன் வழி வந்த எல்.எச்.பி. ஐ.சி.எஃப். பெட்டிக்கு ரயில்வே கணக்குல ஆயுசு 25 வருஷம். வயசானதுல சிலதை ஜன்னலை அடைச்சு கார் ஏத்துற வேகனா மாத்திட்டாங்க, சிலது ஸ்டேஷன் வாசல்ல ஹோட்டலா நிக்குது, மத்ததெல்லாம் பழைய இரும்பு.

மாடல் உலகத்துல 'ரிவெட் எண்ணுறவங்க'ன்னு ஒரு கிண்டல் உண்டு. ஆணி ஒண்ணு குறைஞ்சாலும் சண்டைக்கு வர்றவங்களைச் சொல்றது. இந்த ஒரு விஷயத்துல நான் அவங்க கட்சி. மொத்த நீளம் புத்தகத்துல கிடைக்கும். போகிகளோட மையத்துக்கு மையம் 14,783 மி.மீ.ன்னு கூட கிடைக்கும். ஷட்டரோட கட்டை எத்தனை, கைப்பிடி எந்த உயரம், தண்ணி பாட்டில் மாட்டுற கம்பி எப்படி வளைஞ்சிருந்தது... இதெல்லாம் நேர்ல அளந்தவன் நோட்டுலதான் இருக்கும்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ பெட்டி நம்பரைப் பாருங்க. முதல் ரெண்டு இலக்கம் அது பிறந்த வருஷம். 05-ன்னு இருந்தா 2005. உங்க வயசுப் பெட்டி, ரிட்டயர்மென்ட்டுக்கு நெருங்கிக்கிட்டு இருக்கு! வண்டி நிக்கிறப்போ பிளாட்பாரத்துல தள்ளி நின்னு, ஜூம் பண்ணி, நேர்ப் பக்கவாட்டா ஒரு போட்டோ எடுங்க. கிட்ட நின்னு எடுத்தா ஓரம் வளையும். ரெண்டு போகிக்கு நடுவுல இருக்கிற அந்த 14,783-ஐ வெச்சு மத்த அளவெல்லாம் கணக்குப் போட்டுடலாம். உள்ளே டேப் போட்டு அளக்குறதுக்குத் தடையில்லை, மேல் பெர்த்காரர் முறைச்சா சமாளிச்சுக்குங்க. ஆனா தண்டவாளத்துல இறங்காதீங்க. கூரை உயரத்தை அளக்குறேன்னு டேப்பையோ குச்சியையோ மேல நீட்டவே நீட்டாதீங்க, மேலே போறது 25,000 வோல்ட். அந்த உயரத்தை போட்டோவுலயே எடுத்துக்கலாம்.

அப்படியே டாய்லெட் ஜன்னலையும் அளந்துடுங்க. எல்லாரும் அதை மட்டும் விட்டுட்டு வந்துடுறாங்க!