புழுவெட்டும் பள்ளிப் பிள்ளையும்

பிள்ளையின் தலையில் காசளவு வட்டமாக மயிர் உதிர்ந்துவிட்டால், இரவில் ஏதோ பூச்சி அரித்துவிட்டது என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். தமிழில் அதற்குப் புழுவெட்டு என்று பெயர். தெலுங்கிலோ அதன் பெயர் பேன் கடித்ததைக் குறிக்கும். பாதித் தீங்கை இப்பெயர்களே செய்துவிடுகின்றன. உண்மையில் அங்குப் புழுவும் இல்லை, பேனும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் மயிர்க்கால்களையே பகையெனக் கொண்டு தாக்குவதால் மயிர் உதிர்கின்றது. இது பிறருக்குத் தொற்றுவதன்று. மயிர்க்கால் அழிந்துபடாமையால், பலருக்கு ஓராண்டுக்குள் மயிர் தானே முளைத்துவிடும்; திரும்ப உதிர்வதும் உண்டு. முளைத்தவுடன், அதற்குமுன் தேய்த்த சாறு எதுவோ அதற்கே பெருமை சேர்கின்றது! காரமான சாறுகளால் தோல் புண்ணாவதை எவரும் கணக்கில் கொள்வதில்லை. மழித்தால் அடர்ந்து வளரும் என்பதும் வீண் நம்பிக்கையே. மயிர் வளர்வது தோலுக்கு அடியில், கத்தி அங்கே எட்டுவதில்லை.

தலையில் வரும் படர்தாமரை இதனின்றும் வேறு. அது காளானால் உண்டாவது, தொற்றக்கூடியது. அங்கே தோல் செதிலாக உரியும், மயிர் அடியில் ஒடிந்து நிற்கும். களிம்பு மட்டும் போதாது. மருந்து உட்கொள்ளவும் வேண்டும். புழுவெட்டில் தோல் வழவழப்பாகவே இருக்கும்.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பிள்ளையை வகுப்பில் தனியே அமர்த்துவதும், வீட்டுக்கு அனுப்புவதும் கொடுமை. நோயை ஆசிரியரே முடிவு செய்ய வேண்டுவதில்லை. களப்பணியாளர் துணையுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் போதும். அதுவரை சீப்பையும் தொப்பியையும் மட்டும் பிறரோடு பகிராமல், பிள்ளை தன் பழைய இடத்திலேயே அமரலாம்.