செத்தவர் மீது வழக்கு!

செத்தவரைக் கூண்டில் நிறுத்தி வழக்கு நடத்த முடியுமா? நடத்தினார்கள்! இது கட்டுக்கதை அல்ல. ரோமாபுரியில் 897-ம் ஆண்டு உண்மையாகவே நடந்தது.

பார்மோசஸ் என்பவர் 891-ம் ஆண்டு போப் ஆண்டவர் ஆனார். அப்போது இத்தாலியில் சக்கரவர்த்திப் பட்டத்துக்குப் பலத்த போட்டி. ஸ்பொலேட்டோ பிரபு குடும்பம் ஒரு பக்கம். ஜெர்மானிய மன்னர் ஆர்னுல்ப் மறு பக்கம். 896-ம் ஆண்டு ஆர்னுல்புக்குப் பார்மோசஸ் முடி சூட்டினார். ஸ்பொலேட்டோ குடும்பம் கொதித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பார்மோசஸ் காலமானார்.

ஆனாலும் பகை சாகவில்லை!

அடுத்து வந்த போப் பதினைந்தே நாளில் இறந்தார். அவருக்குப் பின் ஆறாம் ஸ்டீபன் பதவிக்கு வந்தார். பார்மோசசின் கல்லறையைத் தோண்டச் சொன்னார். புதைத்துப் பல மாதங்கள் ஆன பிரேதத்துக்குப் போப்பின் அங்கியை அணிவித்து, ஆசனத்தில் உட்கார வைத்தார்கள். ஸ்டீபனே எதிரில் நின்று குற்றம் சாட்டினார். பிணம் பேசுமா? அதன் சார்பில் பதில் சொல்ல ஒரு திருத்தொண்டரைப் பக்கத்தில் நிறுத்தினார்கள்!

குற்றம் என்ன? வேறு ஊருக்குப் பிஷப்பாக இருந்தவர் ரோமாபுரிக்கு மாறி வந்தது தவறாம். வேடிக்கை என்னவென்றால், ஸ்டீபனும் அப்படி வந்தவர்தான்!

தீர்ப்பு எதிர்பார்த்ததுதான். ஆசி வழங்கும் வலக்கை விரல்கள் மூன்றையும் வெட்டினார்கள். உடலை டைபர் நதியில் எறிந்தார்கள்.

1870-ம் ஆண்டு பிரெஞ்சு ஓவியர் ழான் பால் லாரன்ஸ் இந்தக் காட்சியை ஓவியமாகத் தீட்டினார். பார்த்தால் நெஞ்சு நடுங்கும். நம் காலத்திலோ இதையே பாட்டும் சிரிப்புமாக மேடை நாடகம் ஆக்கியிருக்கிறார்கள்.

"மத விஷயத்தைக் கேலி செய்யலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் சிரிப்பு யாரைப் பார்த்து வருகிறது? பக்தியைப் பார்த்து அல்ல. ஒருவர் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிறார். அந்த ஆத்திரத்தைப் பார்த்துத்தான் சிரிப்பு வருகிறது.

திருச்சபையே இந்த வழக்கை ஏற்கவில்லை. மக்கள் கொதித்து எழுந்தார்கள். ஸ்டீபன் சிறைப்பட்டு, அதே ஆண்டில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். பின்னர் வந்த இரண்டாம் தியோடர், நதியிலிருந்து மீட்கப்பட்ட உடலை மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்தார். அடுத்து வந்த ஒன்பதாம் ஜான், 898-ம் ஆண்டு சபையைக் கூட்டித் தீர்ப்பை ரத்து செய்தார். இறந்தவர்கள் மீது இனி விசாரணை கூடாது என்றும் தடை விதித்தார்.

அந்தத் தடையில்தான் நீதி இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை மற்றவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அது இல்லாத இடத்தில் நீதிபதி இருக்கலாம், ஆசனம் இருக்கலாம், தீர்ப்பும் இருக்கலாம். நீதி மட்டும் இருக்காது!

பிணத்தை உட்கார வைத்தால்தான் இந்தத் தவறு என்று எண்ண வேண்டாம். உயிரோடு இருப்பவரை வாய் திறக்க விடாமல் குற்றவாளி ஆக்கினாலும் அது செத்தவர் மீது நடத்திய வழக்குதான்.

நாடகத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் கொஞ்சம் சிந்திக்கவும் வேண்டும்!