ஒருத்தியின் சம்மதம்

சகோதரிகளே! 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் புத்தளம், நீர்கொழும்பு என்று சிதறின. பிரிந்த உறவுகளை இன்று முகநூல் சேர்த்து வைக்கிறது, நல்லதுதான். ஆனால் அங்கே 'உங்கள் குணம் என்ன?' என்று கேட்டு வரும் விளையாட்டுகளைக் கவனித்தீர்களா?

வெளியார் தம் செயலிக்குள் முகநூல் தகவல்களை எடுத்துக்கொள்ள, அந்நிறுவனமே ஆயத்த நிரல்களைக் கொடுத்திருந்தது. 2015 வரை, ஒருத்தி 'சம்மதம்' என்று அழுத்தினால் தோழிகளின் விவரங்களும் சேர்ந்தே போயின. தோழிகளிடம் யார் கேட்டார்கள்? அப்படியொரு குணப் பரீட்சையில் சேர்ந்தவர்கள் சுமார் 270,000 பேர். தகவல் போனதோ 8 கோடி 70 இலட்சம் பேர் வரை! கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் பிரசார நிறுவனத்தின் கைக்கு அது போன கதை 2018 இல் அம்பலமானது.

தோழிகள் வழி இப்போது அடைபட்டுவிட்டது. உங்கள் சொந்த அனுமதிகளை, அமைப்புகளில் 'செயலிகளும் இணையத்தளங்களும்' என்ற பகுதியில் பார்த்து, வேண்டாதவற்றை நீக்குங்கள். முன்பே எடுத்தது திரும்பி வராது. மகளின் தொலைபேசியையும் ஒருமுறை பாருங்கள்.