பின்பக்கம் வழுக்கணும் மாமா!

என் அக்கா மகனுக்கு வயது இருபத்தைந்து. மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பி.எஃப். பிடித்தது போக வருகிற சம்பளத்தில் மிச்சம் பிடித்து ரெண்டு லட்சம் சேர்த்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பெருமை. பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது, அச்சரப்பாக்கம் பக்கம் ஏதாவது மனை பார்க்கச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி இலையில் விழும் நேரத்துக்குச் சரியாக வந்து இறங்கினான்.

"மாமா, டிரிஃப்ட் பண்ணக் கத்துக்கணும். ரெண்டு லட்சத்துல ஒரு கார் பார்த்துக் குடுங்க."

"டிரிஃப்ட்னா?" (தெரியாமல் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியுமா என்று பார்த்தேன்.)

"பின் டயர் ரெண்டும் வழுக்கிக்கிட்டே போகும் மாமா. வண்டி லெஃப்ட்ல திரும்பும், ஸ்டீயரிங் ரைட்ல இருக்கும். புகையா வரும். சூப்பரா இருக்கும்."

இலக்கணம் சரிதான். சின்ன வயதில் மணலில் சைக்கிளை வேகமாக விட்டு, பின் பிரேக்கைப் பிடித்து அரை வட்டம் அடித்தோமே, அதே சங்கதி. எழுபதுகளில் ஜப்பானில் தகாஹாஷி என்ற ரேஸ்காரர் இதை டிராக்கில் செய்தார். அதைப் பார்த்துக் கெட்டுப்போன (அல்லது தேறிய) சுச்சியா என்ற இளைஞர் மலைப்பாதை வளைவுகளில் செய்து 'டிரிஃப்ட் கிங்' என்று பெயர் வாங்கினார். அவர் கையில் புகழ்பெற்றது டொயோட்டாவின் ஏஇ 86. 1983-லிருந்து 87 வரை வந்த கார், 1600 சி.சி., ஒரு டன்னுக்கும் குறைவான எடை, பின்சக்கர இழுவை. அந்தக் காலத்தில் ஜப்பான் பையன்கள் சம்பளத்தில் வாங்க முடிந்தது. அப்புறம் அதை வைத்துக் காமிக்ஸ், சினிமா எல்லாம் வந்து, இன்று அதன் விலையைக் கேட்டால் நமக்குத்தான் வழுக்குகிறது.

"சரி, என்ன கார் மனசுல வச்சிருக்கே?"

"ஃப்ரெண்டோட மாருதி 800 சீப்பா வருது."

தலையில் அடித்துக்கொண்டேன். மாருதி 800 முன்சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டி. பின்சக்கரம் ரெண்டும் சும்மா கூட வருபவை, கல்யாணத்துக்குப் போகும் தூரத்துச் சொந்தம் மாதிரி. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் ஒரு முறை நழுவும், அத்தோடு சரி. ஆக்ஸிலரேட்டரை மிதித்து நழுவலைத் தொடர வேண்டுமானால் இன்ஜினின் பலம் பின்சக்கரத்துக்குப் போகவேண்டும். இன்று ஷோரூமில் நிற்கும் சின்னக் கார் முக்கால்வாசி முன்சக்கர இழுவைதான். ஆகவே பழசைத்தான் தேட வேண்டும்.

பழசு என்றால் நம் ஊருக்கே ஒரு சரித்திரம் உண்டு. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு செய்த தொழிற்சாலை இந்த வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம்தான் இருந்தது. கடைசியில் எண்பதுகளின் நடுவில், இங்கிலாந்து ரோவரின் உடம்பில் பழைய இன்ஜினை வைத்து 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு பெரிய காரை விட்டுப் பார்த்தார்கள். அதுவும் பின்சக்கர இழுவைதான். ஆனால் உதிரிபாகம் தேடிக் காயலான் கடைகளில் ஆயுசு போய்விடும். ஆகவே வேண்டாம்.

முதலில் மாமல்லபுரம் போனோம். ஒரு தோட்ட வீட்டில் கான்டெஸா நிற்பதாகத் தகவல். கான்டெஸா 1984-ல் அம்பாசிடரின் 1500 சி.சி. இன்ஜினோடு வந்து மூச்சு வாங்கிய வண்டி. பிற்பாடு 1800 சி.சி. இசுஸு இன்ஜின், ஐந்து கியர் என்று நிமிர்ந்தது. நீளமான உடம்பு, நழுவினால் நிதானமாக நழுவும், கற்றுக்கொள்பவன் கை சுதாரிக்க நேரம் கொடுக்கும். இந்தியாவில் டிரிஃப்ட் ஆசைக்காரர்கள் அதைத் தேடுவது அதனால்தான்.

தூரத்தில் பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. நான் துணியில் சுற்றிய காந்தத்தை எடுத்தேன். தகரம் இருக்கிற இடத்தில் ஒட்டும், பட்டி பூசின இடத்தில் விழும். கதவு நெடுக விழுந்துகொண்டே வந்தது. உள்ளே மேட்டைத் தூக்கினேன், தரை தெரிந்தது. காரின் தரை இல்லை, மாமல்லபுரத்தின் தரை.

கடலோரத்தில் வளர்ந்த வண்டியை வாங்கவே வாங்காதீர்கள். உப்புக்காற்று முதலில் தின்பது உங்கள் கண்ணுக்குப் படாத இடங்களை: ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடம், சீட் பெல்ட் முடுக்கிய இடம். டிரிஃப்ட் பண்ணும்போது முழு பாரமும் பக்கவாட்டில் விழுவது அங்கேதான்.

"விண்டேஜ் சார்" என்று ஓனர் ஒரு விலை சொன்னார். மருமகனின் ரெண்டு லட்சத்துக்குப் பக்கவாதம் வந்தது. கிளம்பினோம். வழியில் வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்த்தேன். அந்தச் சரிவில் அத்தனை காலமாக நழுவாமல் உட்கார்ந்திருக்கிறது. கிரிப் என்றால் அது!

திரும்பும்போது ஒரு பால்காரரின் ஆம்னியைப் பார்த்தோம். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில், இழுவை பின்சக்கரம், விலை மலிவு. பையன் கண்ணில் வெளிச்சம். "வேணாம்டா. குறுகலான வண்டி, உசரம் ஜாஸ்தி. நழுவும், கூடவே படுத்துக்கும்." இதே காரணத்துக்காகத்தான் சுமோ, டவேரா, குவாலிஸ் என்று அவன் அடுக்கியதை எல்லாம் தள்ளினேன். சரி, பழைய பி.எம்.டபிள்யூ? வாங்கிவிடலாம். அப்புறம் ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு மாதச் சம்பளம்.

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு வளைவு. அங்கே நான் எப்போதும் பேச்சை நிறுத்திவிடுவேன். அன்றைக்கு நிறுத்தவில்லை.

1988. மழை. அப்பாவின் பத்மினியை நான் ஓட்டினேன். பக்கத்தில் என் சிநேகிதன். கொஞ்சம் ஜம்பம் காட்டும் வேகம்தான். வளைவில் பின்பக்கம் நழுவியது. பயந்துபோய்க் காலைத் தூக்கி, பிரேக்கில் நின்றேன். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. வண்டி சுற்றிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் அவன் பக்கமாக இடித்தது. எனக்குக் கீறல்கூட இல்லை. அவன் முழங்கால் போயிற்று. இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் அவனுக்கு மட்டும் தனியாக நாற்காலி தேடுவார்கள். ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

பின்பக்கம் எந்தத் திசையில் நழுவுகிறதோ அந்தத் திசையிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும், கண் நாம் போகவேண்டிய இடத்தைப் பார்க்கவேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டிரைவிங் ஸ்கூலில் எட்டு போடச் சொன்னார்கள், கையை வெளியே நீட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

மருமகன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அதான் மாமா எனக்கும் கத்துக்கணும்" என்றான்.

செங்கல்பட்டில், ரிட்டயரான ஒரு வாத்தியார் வீட்டுக் கொல்லையில் கிடைத்தது பிரீமியர் 118 என்.இ. உடம்பு ஃபியட் 124. அது 1967-ல் ஐரோப்பாவின் 'கார் ஆஃப் தி இயர்'. இன்ஜின் நிஸ்ஸானின் 1171 சி.சி., பலம் 52 குதிரை. இதே ஃபியட்டை வைத்துத்தான் ரஷ்யாக்காரர்கள் லாடா செய்தார்கள். அங்கே பையன்கள் பழைய லாடாவைப் பனியில் பம்பரமாகச் சுற்றுகிறார்கள். அதன் சித்தப்பா பிள்ளைக்கு இங்கே அந்த வித்தை வராதா?

52 குதிரை காய்ந்த தார் ரோட்டில் புகை கிளப்பாது. அதுதான் நல்லது. கற்றுக்கொள்பவனுக்கு ஈரத்தரை போதும். டயர் தேயாது, வேகம் குறைவு, தப்பு செய்தாலும் சுற்றிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். கியர் தரையில், ஹேண்ட் பிரேக் கேபிளில். ஜாக்கி வைத்துப் பின்சக்கரம் ரெண்டையும் தூக்கி, கியரில் போட்டு, ஒரு சக்கரத்தைச் சுற்றினோம். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றியது. சாதாரண டிஃபரன்ஷியல். "வெல்டிங் வச்சு லாக் பண்ணிடலாம் மாமா" என்றான். பண்ணலாம், எல்லா ஊரிலும் ஏழைகள் செய்யும் வைத்தியம் அது. ஆனால் அப்புறம் அந்த வண்டி சந்தில் திரும்பும்போதெல்லாம் ஒரு சக்கரத்தைத் தேய்த்து இழுத்துக்கொண்டு நொண்டும், ஆக்ஸில் முறியலாம். முதல் வருஷம் தொடாதே என்றேன்.

பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி, ஆர்.சி. புதுப்பித்திருந்தது. வாத்தியார் எண்பது கேட்டார், அறுபத்தைந்துக்கு முடிந்தது. மிச்சத்தைத் தொடாதே என்று அவன் கையில் அடித்துச் சொன்னேன். புஷ், பால் ஜாயிண்ட், டை ராடு, பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், ரேடியேட்டர் சுத்தம், நல்ல பக்கெட் சீட், பெல்ட், ஹெல்மெட். முன்னால் ரெண்டு புது டயர். பின்னால் காயலான் கடை டயர் போதும், எப்படியும் தேய்க்கத்தானே போகிறான்.

"ஈ.சி.ஆர்.ல ராத்திரி பத்து மணிக்கு மேல..." என்று ஆரம்பித்தான்.

"ரோட்டுல ரேஸ் விட்டா முதல் தடவைக்கு அஞ்சாயிரம், மறுபடி மாட்டினா பத்தாயிரம். கூடவே ஜெயிலும் உண்டு. அதைவிட எதிர்ல பால்காரரு வருவாரு."

ஒரகடம் வழியாகப் போனால் இருங்காட்டுக்கோட்டை. 1990-லிருந்து அங்கே ரேஸ் டிராக் இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போரின் விமான ஓடுதளத்தில் வண்டி விட்டார்கள். ஓட்டத் தகுந்த இடத்தைத் தேடிப் போகும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. அங்கே பணம் கட்டி, சொல்லித்தர ஆள் பிடித்து, தண்ணீர் விட்ட தரையில் வட்டம் போடு என்று அனுப்பினேன். முதல் நாள் நானும் போனேன். பதினோரு முறை சுற்றிக்கொண்டு நின்றான். பன்னிரண்டாவது முறை ஸ்டீயரிங்கை நழுவின பக்கமே திருப்பி, அரை வட்டம் பிடித்துவிட்டான். ஓரத்தில் நின்ற எனக்குக் கை நடுங்கியது.

போன வாரம் அக்கா போன் பண்ணினாள்.

"ஏன்டா, இவன் காரு ஆபீசுக்கு மட்டும்தான் போவுதுங்கிறான். பின்னாடி டயர் ரெண்டு மட்டும் எப்படிடா இப்படித் தேயுது?"

"அலைன்மென்ட் சரியில்லேக்கா" என்றேன்.