எழுபது வயது டிராக்டர் ஏன் இன்னும் ஓடுகிறது?

இங்கிலாந்தில் கோடைக்காலம் வந்துவிட்டால் பல கிராமங்களில் பழைய கார்க் கண்காட்சி நடைபெறும். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர்ப் பொது மைதானத்திலோ, ஒரு விவசாயி அன்றைக்கு விட்டுக்கொடுத்த மேய்ச்சல் நிலத்திலோ வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். கூடாரத்தில் தேநீரும் கேக்கும் விற்பனையாகும். வசூலாகும் பணம் ஊர்க் கூடத்துக் கூரையைச் செப்பனிடவோ, வேறு தர்ம காரியத்துக்கோ போகும். குடும்பத்தோடு வருகிறவர்கள் மாலை வரை சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

நம் பக்கத்து விவசாயி ஒருவர் அங்கே போக நேர்ந்தால் எல்லாமே அந்நியமாகத் தோன்றாது. 1950-களில் வந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைக் கண்டதும், "இது நம் அம்பாசிடர் அல்லவா?" என்பார். அவர் சொல்வது சரியே. அந்தக் காரின் ஒரு மாதிரிதான் மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடராகி, 2014 வரை தயாரிக்கப்பட்டு வந்தது.

ஆனால் விவசாயி நின்று பார்க்க வேண்டியவை மைதானத்தின் கோடியில் இருக்கும். இத்தகைய கண்காட்சிகளில் கார்களோடு பழைய டிராக்டர்களும் ஆயில் என்ஜின்களும் இடம் பெறுவது வழக்கம். தொட்டியிலிருந்து தண்ணீரை இறைத்து அதே தொட்டியில் கொட்டியபடி சிறு என்ஜின்கள் நாள் முழுதும் ஓடும். அவற்றில் லிஸ்டர் என்ஜினும் இருக்கும். அதே ரகத்தைப் பின்பற்றிக் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் செய்த என்ஜின்கள் நம் நாட்டுக் கிணறுகளிலும் தண்ணீர் இறைத்திருக்கின்றன.

டிராக்டர் வரிசையில் சாம்பல் நிறச் சிறிய பெர்குசன் நிற்கும். 1946 முதல் 1956 வரை கவென்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட டிராக்டர் இது. சக்தி 30 குதிரைத்திறனுக்கும் குறைவு. இதை உருவாக்கிய ஹாரி பெர்குசன் அயர்லாந்தில் ஒரு விவசாயியின் மகன். அதற்கு முன்பெல்லாம் கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் கோத்து இழுத்தார்கள். கொழு கல்லில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் உயிரிழப்பதும் உண்டு. பெர்குசன் கலப்பையை மூன்று இடங்களில் பிணைத்து, ஹைட்ராலிக் முறையில் ஏற்றி இறக்கும்படி செய்தார். இன்று நம் ஊர் டிராக்டர்களில் இருப்பதும் அந்த மூன்று முனை இணைப்புதான். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்ததால், அந்தச் சாம்பல் நிற டிராக்டரை நம் ஊர்ச் சிவப்பு டிராக்டருக்குப் பாட்டனார் என்றே சொல்லலாம்.

ஆயுளின் ரகசியம்

இது எழுபது ஆண்டுகள் கழித்தும் எப்படி ஓடுகிறது? முதலாவது, எளிய அமைப்பு. பெர்குசனுடன் கொடுத்த ஒரு ஸ்பானரைக் கொண்டே அதன் கருவிகளைக் கழற்றி மாட்டலாம். அந்த ஸ்பானரில் அங்குல அளவு குறித்திருந்ததால் கலப்பையைச் சரிசெய்யும்போது அளந்தும் பார்க்கலாம். இரண்டாவது, செப்பனிடும் முறையை விளக்கும் கையேடு கிடைக்கிறது. மூன்றாவது, உதிரி பாகங்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. இவற்றோடு, வெயில் மழை படாத கொட்டகையும் காலத்தில் ஆயில் மாற்றும் பழக்கமும் சேர்ந்தால் எந்திரம் உழைக்காமல் என்ன செய்யும்?

பழைய எந்திரம்தான் நல்லது என்பது வாதமல்ல. அது எரிபொருளை அதிகம் குடிக்கும். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டமும் அதில் இல்லை. அதை நம்பி இன்று ஏக்கர் கணக்கில் உழ முடியாது. ஆனால் புதிய எந்திரம் வாங்கும் விவசாயிக்கு, அந்தப் பழைய எந்திரத்தின் உரிமையாளருக்கு இருக்கும் வசதி ஏன் இருக்கக் கூடாது என்பதுதான் கேள்வி.

கதிர் வாங்கும் சமயத்தில் பம்பு செட் நின்றுவிட்டால் நான்கு நாள் தாமதமே மகசூலைப் பாதிக்கும். உழவுப் பருவத்தில் டிராக்டர் உதிரி பாகத்துக்காகக் காத்து நின்றாலும் வங்கித் தவணை காத்திருக்காது. மின்னணுக் கருவிகள் பொருத்திய புதிய எந்திரங்களில் கோளாறு எங்கே என்று அறியவே கம்பெனி ஆள் கம்ப்யூட்டரோடு வர வேண்டியிருக்கிறது. இதே குறையைச் சொல்லி அமெரிக்க விவசாயிகள் போராடினார்கள். கொலராடோ மாநிலத்தில் 2023-இல், விவசாய எந்திரங்களுக்கான உதிரி பாகங்களையும் கையேடுகளையும் கருவிகளையும் உற்பத்தியாளர்கள் விவசாயிகளுக்குத் தர வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. நமது மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. இந்த முயற்சி காகிதத்தோடு நின்றுவிடாமல் கிராமத்துப் பட்டறை வரை வந்து சேர வேண்டும். கையேடு தமிழிலும் இருக்க வேண்டும்.

வாங்கும் முன் கேளுங்கள்

விலையையும் மானியத்தையும் மட்டும் விசாரித்தால் போதாது. உதிரி பாகம் எந்த ஊரில் கிடைக்கும், எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், உள்ளூர் மெக்கானிக் இதைத் திறந்து வேலை பார்க்க முடியுமா, தமிழில் கையேடு உண்டா என்பவற்றைக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டும். வாங்கிய பின் ஆயில் மாற்றிய தேதியையும் ஓடிய மணி நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வருவது நல்லது. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யத் தவறக் கூடாது.

இங்கிலாந்துக் கிராமத்தில் பழைய டிராக்டர் ஓடாவிட்டால் ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு கெடும், அவ்வளவுதான். நம் ஊரில் எந்திரம் நின்றால் ஒரு குடும்பத்தின் பருவமே போய்விடும். திறந்து பார்த்துச் சரிசெய்யக் கூடிய எந்திரம் யாரைக் காட்டிலும் சிறு விவசாயிக்குத்தான் அவசியம்.