பாலம் இருக்கிறது, துறை எங்கே?

உசிலம்பட்டியில் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் வைகையைக் கடந்தே ஆக வேண்டும். பஸ் ஸ்டாண்டு தென்கரை, ஆஸ்பத்திரி வடகரை. ஆனால் ஆற்றைப் பார்த்தீர்களா என்று கேட்டால் யோசிப்பார். சாக்கடை நாற்றம் வந்தால்தான் பாலம் வந்துவிட்டது என்று தெரியும்!

இதே ஆற்றைக் கடந்த இரண்டு பேரைத் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து கவுந்தியடிகளோடு நடந்தே வந்தார்கள். மதுரைக்கு முன்னால் குறுக்கே நின்றது வைகை. பெரிய துறையில் குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் வைத்த ஓடங்கள் இருந்தன என்கிறது சிலப்பதிகாரம். அந்தக் கூட்டத்துக்குள் போகாமல் இவர்கள் மரத்தெப்பத்தில் ஏறித் தென்கரை சேர்ந்தார்கள். கதைதானே என்று தள்ளிவிடலாம். ஆனால் ஓடம் போகாத ஆற்றுக்கு ஒரு கவிஞர் மூன்று விதமான ஓடங்களை எழுதியிருப்பாரா?

1889-ல் ஏ.வி. பாலம் வந்தது. வெள்ளம் வந்தால் கரையிலேயே காத்துக்கிடந்த கஷ்டம் தீர்ந்தது. பாலத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. உயிருக்குப் போராடும் நோயாளியைத் தெப்பத்திலா ஏற்ற முடியும்? ஆனால் பாலம் வந்ததும் துறையை மறந்தோம். தண்ணீரில் கால் வைக்க வேண்டியிருந்தவரை அது சுத்தமாக இருக்கிறதா என்ற கவலை இருந்தது. இப்போது டிராஃபிக் ஜாம் இல்லாமல் இருந்தால் போதும். 1959-ல் அணையும் வந்த பிறகு, பாதி நாள் ஆற்றில் மணல்தான்.

சித்திரையில் அழகர் இறங்குவதற்காக அணையைத் திறக்கிறார்கள், ஆற்றையும் சுத்தம் செய்கிறார்கள். அழகருக்காகச் சில நாள் முடிவது, ஜனங்களுக்காக வருஷம் முழுக்க ஏன் முடியாது? யானைக்கல் பக்கம் தரைப்பாலம் இருக்கிறது. வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும், போலீஸ் வழியை அடைப்பார்கள். அப்போதும் ஜனங்கள் கூட்டமாக வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். ஆற்றைப் பார்க்கும் ஆசை செத்துவிடவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்த இடத்தில் ஒரே ஒரு துறையைப் படிக்கட்டோடு சீர்செய்யலாம். அங்கே சாக்கடை விழாமல் தடுக்கலாம். வடக்கிலிருந்து நடந்து வந்தவர்கள் இந்த ஆற்றைக் கடந்துதான் மதுரைக்குள் நுழைந்தார்கள் என்று ஒரு கல் நடலாம். பெரிய செலவொன்றும் இல்லை.

உசிலம்பட்டி வட்டாரத்து விவசாயிகள் 58 கிராமக் கால்வாயில் வைகைத் தண்ணீர் வர வேண்டும் என்று பல வருஷம் போராடினார்கள். அவர்கள் கெஞ்சிக் கேட்ட தண்ணீரில்தான் மதுரை தன் சாக்கடையைக் கலக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக அதே ஆற்றைக் கடக்கும்போது அவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருப்பது மதுரைக்குத்தான் அவமானம்.