கடையில் நிற்கும் பையன்

பொங்கல் நெருங்கிவிட்டது. இனி நம் வீடுகளில் பேச்செல்லாம் கடையைப் பற்றித்தான். எந்தக் கடையில் புடவை நயம், எந்தக் கடையில் வெல்லம் நயம் என்று மணிக்கணக்காகப் பேசுவோம். அந்தக் கடைகளில் நிற்கிறவர்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். நானும் நாற்பத்தைந்து வயது வரையில் பேசியதில்லை. இன்று பேச வைத்திருப்பவன் என் பழைய மாணவன் ஒருவன். ஐயாயிரம் மைலுக்கு அப்பால், லண்டன் நகரத்தில், ஒரு பெரிய கடையில் அவன் நின்றுகொண்டிருக்கிறான்.

பெயர் வேண்டாம், 'நம் பையன்' என்றே வைத்துக்கொள்வோம். கணக்கில் புலி. மேல்படிப்புக்குச் சீமைக்குப் போவதா, வேண்டாமா என்று வீட்டில் தர்க்கம் நடந்தபோது, "போகட்டும்" என்று தீர்ப்புச் சொன்னவன் நான். நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். தகப்பனார் இல்லாத குடும்பம். வீட்டுப் பத்திரத்தைப் பாங்கியில் வைத்துக் கடன் வாங்கிக் கொடுத்தவர் அவன் தாயார். பையன் போனான், படித்தான், எம்.எஸ்ஸி. பட்டமும் பெற்றான். படிப்பு முடிந்தபின் இரண்டு வருஷம் தங்கி உத்தியோகம் பார்ப்பதற்கு அந்நாட்டுச் சட்டம் அவனுக்கு இடம் கொடுத்தது. உத்தியோகந்தான் இடம் கொடுக்கவில்லை. மனுமேல் மனுவாகப் போட்டான். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை. கடன் தவணை மட்டும் மாதந் தவறாமல் வந்தது. ஆகவே கடையில் சேர்ந்தான். இருபத்தொரு வயது நிரம்பியவருக்கு 2025 ஏப்ரலில் அங்கே விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுன் 21 பென்ஸாக இருந்தது. வாடகை, சாப்பாடு, பஸ் செலவு போக வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தால் தவணையைக் கட்டிவிடலாம்.

தாயாருக்கு இது பெரிய மனக்குறை. அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால், "கம்பெனியில் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார். சென்ற தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பான். இத்தனை படித்துவிட்டுத் துணி மடித்து வைத்துக்கொண்டு நிற்கிறானே! திரும்பி வந்துவிடச் சொல்லுங்கள்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போகச் சொன்னவன் நான் அல்லவா?

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. இங்கே விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய் ஸ்நானம் என்றால், லண்டனில் அப்போது முந்தின நாள் இரவு பதினொன்றரை மணி. முகம் பார்த்துப் பேசும் டெலிபோனைத் தாயார் குத்துவிளக்குக்கு முன்னால் பிடித்தார். அங்கே பையன் சீசாவிலிருந்து ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயைத் தலையில் வைத்துக்கொண்டு, "கங்கா ஸ்நானம் ஆச்சு, அம்மா!" என்று சிரித்தான். மறு நாள் அவனுக்கு லீவு இல்லை. அந்த நாட்டில் தீபாவளி விடுமுறை நாளல்ல. அவன் பிறகு என்னிடம் சொன்னான்: "புதுச் சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு, அதன்மேல் கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன், ஸார். எனக்கு மட்டும் தெரிந்தால் போதாதா?"

தீபாவளி போயிற்று, கிறிஸ்துமஸ் வந்தது. லண்டனில் டிசம்பர் மாதத்தில் பிற்பகல் நாலு மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடும். அந்த இருட்டுக்கு ஈடு செய்வதுபோல் கடைத் தெருக்களில் தோரணம் தோரணமாய் விளக்குகள். ரீஜண்ட் தெருவில் 1954-லிலும், ஆக்ஸ்போர்டு தெருவில் 1959-லிலும் தொடங்கிய வழக்கம் இது. வெளியிலிருந்து பார்த்தால் தேவலோகம். உள்ளே நிற்கிறவனுக்கு எப்படி? நவம்பரிலேயே கடையில் பண்டிகைப் பாட்டுக்களை ஆரம்பித்துவிடுவார்களாம். ஒரே பாட்டு ஒரு நாளில் பன்னிரண்டு தடவை வந்ததை எண்ணியிருக்கிறான். மடித்து வைத்த கம்பளிச் சட்டையை ஒருவர் பிரிப்பார், இவன் மடிப்பான், இன்னொருவர் பிரிப்பார். இரவு அறைக்குத் திரும்பிப் பூட்ஸைக் கழற்றினால் பாதம் வீங்கியிருக்கும். "பண்டிகை அவர்களுடையது, ஸார். அதை மூட்டை கட்டிக் கொடுக்கிறவன் நான்" என்றான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் கடையை ஏழு மணிக்கு அடைத்தார்கள். ஆறே முக்காலுக்குக்கூட ஜனங்கள் ஓடி வந்தார்களாம். கடைசிக் கதவைச் சாத்தியதும், அங்கே முப்பது வருஷமாக வேலை செய்யும் வெள்ளைக்கார மாது ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்குப் பேரக் குழந்தைகளைப் பார்ப்பேன். நாளை மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி இங்கே" என்றாள்.

அந்த ஒரு நாளும் கடைக்காரர்கள் தாமாக மனம் இரங்கிக் கொடுத்ததல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடை எதுவும் கிறிஸ்துமஸ் தினத்தில் வியாபாரம் செய்யக் கூடாது என்று 2004-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். மருந்துக் கடை முதலிய சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. 280 சதுர மீட்டர் என்பது நம் சென்னைக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றே கால் கிரவுண்டு. கடைச் சிப்பந்திகளின் சங்கம் விடாமல் கேட்டு வாங்கிய சட்டம் அது. மறு நாளான 26-ஆம் தேதிக்கு அந்தக் காப்பு இல்லை. அன்றுதான் மலிவு விற்பனை அமர்க்களப்படும்.

கிறிஸ்துமஸ் தினத்தில் லண்டனில் பாதாள ரயில் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. தெருவில் ஈ காக்கை இல்லை. நம் பையன் காலையில் எழுந்தான். பால் இல்லை. இரண்டு மைல் நடந்தான். எல்லாக் கதவுகளும் சாத்தியிருக்க, ஒரு மூலையில் ஒரு சின்னக் கடை மட்டும் திறந்திருந்தது. உள்ளே யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் தனியே நின்றுகொண்டிருந்தார். ஒன்றே கால் கிரவுண்டுக்கு உட்பட்ட கடையல்லவா? சட்டம் அவரைக் கட்டுப்படுத்தவில்லை, காப்பாற்றவும் இல்லை.

"இண்டைக்கும் கடையா, ஐயா?" என்று அவர் பாஷையிலேயே கேட்டானாம்.

"பூட்டினா வாடகையை ஆர் கட்டுறது, தம்பி? நீங்கள் எவ்விடம்? சென்னையோ? நிக்காதேங்கோ, உதிலை இருங்கோ" என்று பெரியவர் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். சுடச் சுடத் தேநீரும் கொடுத்தார்.

இதைச் சொல்லும்போது பையனின் குரல் சற்றுத் தழுதழுத்தது. "மூன்று மாதமாக ஆயிரம் பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஸார். 'உட்கார்' என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து புத்தகங்களைப் புரட்டினேன். எச். ஜி. வெல்ஸ் என்னும் பிரசித்தி பெற்ற ஆசிரியர் பதினான்கு பதினைந்து வயதில், 1881-லிருந்து இரண்டு வருஷம், சௌத்ஸீ நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பழகியவர். தினம் பதின்மூன்று மணி நேரம் வேலை. இரவில் மற்றப் பையன்களோடு ஒரே கொட்டடியில் படுக்கை. அந்த வாழ்க்கையின் கசப்பைப் பின்னால் 1905-ல் 'கிப்ஸ்' என்ற நாவலில் கொட்டித் தீர்த்தார். மார்கரெட் பாண்ட்ஃபீல்டு என்ற மாது பதினான்கு வயதில் கடைச் சிப்பந்தியானவர். பிறகு கடைச் சிப்பந்திகள் சங்கத்தில் சேர்ந்து, இந்தக் கொட்டடி வாழ்க்கையின் அக்கிரமங்களை எழுதி அம்பலப்படுத்தினார். 1929-ல் அவரே தொழில் மந்திரியானார். பிரிட்டிஷ் மந்திரி சபையில் இடம் பெற்ற முதல் பெண்மணி அவர்தான். கடைகளில் மூன்று பெண் சிப்பந்திகளுக்கு ஓர் ஆசனமாவது போட்டாக வேண்டும் என்று அங்கே 1899-லேயே சட்டம் வந்துவிட்டது.

நம் நாட்டில் எப்போது வந்தது? சுதந்திரம் கிடைத்த 1947-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் கடைகளுக்கென்று ஒரு சட்டம் செய்தோம். வேலை நேரத்தையும் லீவையும் பற்றி அதில் எழுதினோம், ஆசனத்தை மறந்துவிட்டோம். கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் பல வருஷம் கிளர்ச்சி செய்ததன் பலனாகக் கேரளத்தில் 2018-ல் அந்த உரிமை கிடைத்தது. தமிழ்நாட்டில் 2021-ல்தான் பழைய சட்டத்தைத் திருத்தி, கடைச் சிப்பந்திகள் எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும், வேலை நேரம் முழுவதும் அவர்கள் காலிலேயே நிற்கும்படி விடக்கூடாது என்று விதித்தார்கள். 1899 எங்கே, 2021 எங்கே! இடையில் நூற்றிருபத்திரண்டு வருஷம். வெள்ளைக்காரனிடமிருந்து கோட்டையும் கிரிக்கெட்டையும் உடனே கற்றுக்கொண்ட நாம், அவன் நாட்டு ஏழைச் சிப்பந்திகள் போராடிப் பெற்ற முக்காலியைக் கற்றுக்கொள்ள இத்தனை காலம் எடுத்துக்கொண்டோம்.

சட்டம் வந்தது, முக்காலி வந்ததா? அதைப் பார்ப்பதற்காகவே சென்ற வாரம் தியாகராய நகருக்குப் போனேன். தீபாவளிக்கு நாங்கள் துணி எடுத்த அதே கடை. அப்போது நடந்ததை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. இரவு ஒன்பதரை மணிக்குப் போய் நாற்பது புடவைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "ஒன்றும் மனசுக்குப் பிடிக்கவில்லை" என்று எழுந்து வந்தோம். எழுந்து வந்தோம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வாங்க வருகிறவர்களுக்குத்தான் மெத்தை போட்ட நாற்காலி உண்டே!

இந்தத் தடவை மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். முக்காலி இருந்தது. அதன்மேல் புடவைப் பெட்டிகள் இடுப்பளவு அடுக்கியிருந்தன. பக்கத்தில் பத்தொன்பது இருபது வயதுப் பெண் ஒருத்தி, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த ஊர், அம்மா?"

"திருநெல்வேலிப் பக்கம், ஸார்."

"தீபாவளிக்கு ஊருக்குப் போனாயா?"

"தீபாவளியன்று காலையில்தான் பஸ் ஏறினேன், ஸார். முதல் நாள் ராத்திரி கடை அடைக்க நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. தம்பி எனக்கென்று இரண்டு மத்தாப்பு மிச்சம் வைத்திருந்தான்."

அந்தப் பெண்ணுக்கும் லண்டனில் இருக்கும் நம் பையனுக்கும் என்ன வித்தியாசம்? அவன் கடல் கடந்து போய் நிற்கிறான். இவள் கடல் கடக்காமலே நிற்கிறாள். அவன் தாயார் திருவல்லிக்கேணியில் விளக்குக்கு முன்னால் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இவள் தாயார் தாமிரபரணிக் கரையில் வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருப்பார். நாம் நம்முடைய பண்டிகையை முடித்துக்கொண்டு எழுந்த பிறகுதான் இவர்களுடைய பண்டிகை தொடங்குகிறது. படித்த பையன் கடையில் நிற்பது அவமானம் என்று நினைத்தோமே, அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அவமானம் இருந்தால் அது பெட்டி அடுக்கிய முக்காலியில் இருக்கிறது. ஒன்பதரை மணிக்குப் போய் நாற்பது புடவைகளைப் பிரிக்கச் சொன்ன என்னிடமும் இருக்கிறது.

இதையெல்லாம் பையனின் தாயாரிடம் போய்ச் சொன்னேன். யாழ்ப்பாணத்துப் பெரியவரின் முக்காலியைப் பற்றிச் சொன்னபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர் நன்றாயிருக்கட்டும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து, மார்கழிப் பொங்கல் வாங்கக் கோயிலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். ஓர் அம்மாள் அவரிடம், "பையன் சீமையில் எந்தக் கம்பெனி?" என்று விசாரித்தார்.

"கம்பெனி இல்லை, அம்மா, கடை. பெரிய துணிக் கடை. என் வீட்டுக் கடனை அவன் கால்தான் கட்டுகிறது" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

பொங்கலுக்குத் துணி எடுக்கப் போகும் நேயர்கள் கொஞ்சம் முன்னதாகவே, பகலிலேயே போய் வாருங்கள். போகிற இடத்தில் மேஜைக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். முக்காலியின்மேல் பெட்டி இருந்தால், அதை எடுத்துக் கீழே வைக்கும்படி முதலாளியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். வாங்குகிறவர் சொன்னால் எந்தக் கடைக்காரரும் கேட்பார்.